மனசாரத் திங்கலாம்

சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் பள்ளிவாசலுக்குப் பின்னால் மாடி வீட்டில் இருந்த சம்சுன்னிசாவைத் தெரியாத நாகூர்க்காரர் அந்நாளில் மலாயாவில் குறைவு. பினாங்கிலோ ஈப்போவிலோ மூவாரிலோ ஒரு வீட்டுப் பெண்கள் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று பெட்டி கட்டினால், அந்த வீட்டு ஆண்பிள்ளை முதலில் கேட்பது, "சம்சுவுக்குச் சொல்லியாச்சா?" என்பதுதான். சொல்லாமல் கிளம்பிய ஓர் ஈப்போக் குடும்பம், எந்தக் கடையில் நுழைவது என்று தெரியாமல், வந்த நாளிலிருந்து ரொட்டியும் வாழைப்பழமுமாகத் தின்று வயிறு வாடி ஊர் திரும்பியது. அந்தக் கதையைச் சம்சுன்னிசா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். சொல்லும்போது பாவம் பாவம் என்பாளே தவிர, முகத்தில் அப்படியொரு பூரிப்பு இருக்கும்.

ஆண்களுக்கு என்ன கவலை? கண்ட பள்ளிவாசலில் நுழைந்து கைகால் முகம் கழுவி ஒளு செய்து தொழுதுவிட்டு வந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகள் வீதியில் இறங்கினால் மதியம் லுஹர் தொழுகை நேரத்துக்கு எங்கே ஒதுங்குவது? சம்சுன்னிசாவுக்கு ஊர் முழுக்க வீடு இருந்தது. அரப் ஸ்திரீட்டில் துணிக்கடைக்கு மேலே ஒரு மலாய்க்கார அம்மா பாய் விரித்துக் கொடுப்பாள். தெலுக் ஆயரில் தர்காவுக்கு எதிர்ச்சந்தில் ஒரு காரைக்கால் வீடு. பூமலை என்கிற பூந்தோட்டத்துக்குப் போனால் தோட்டக்காரரின் மனைவி குழாயடியைக் கழுவிவிட்டு நிற்பாள். காலையில் எங்கே பசியாறுவது, எந்த வேளைக்கு எந்தத் தெருவில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் முதல் நாள் இரவே மனசில் கோத்துவைத்துவிட்டுத்தான் தூங்குவாள்.

சாப்பாட்டுக் கடை விஷயத்தில் அவள் ரொம்பக் கறார். நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். கறி எங்கே வாங்குகிறாய், ஓதி அறுத்ததா, எண்ணெய் என்ன எண்ணெய், போன வாரம் இருந்த சமையல்காரன் எங்கே என்று குடைந்து எடுப்பாள். கடைக்காரர்கள் அவளைக் கண்டால் வேர்ப்பார்கள். எல்லாம் கேட்டு முடித்துப் போர்த்தியிருந்த துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "மனசாரத் திங்கலாம்" என்பாள். அந்த ஒரு சொல் விழுந்த பிறகுதான் வந்தவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். பினாங்கில்கூட அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று கேள்வி. சம்சுன்னிசாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. இந்தப் பாடுகளுக்கெல்லாம் அவள் வாங்கிக்கொண்ட கூலி அந்தப் பேர் ஒன்றுதான்.

அந்தப் பேருக்குப் போட்டியாகத்தான் ருக்கையா வந்து சேர்ந்தாள்.

ருக்கையா சம்சுன்னிசாவின் ஓரகத்தி, கொழுந்தனைக் கட்டியவள். கம்போங் காப்பூரில் பிறந்து வளர்ந்தவள். மலாய் சரளமாகப் பேசுவாள், பஸ் நம்பரைத் தூரத்திலேயே படித்துவிடுவாள், யாரைக் கண்டாலும் பல் தெரியச் சிரிப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் அக்கா முறைக்கு லாத்தா என்று அழைத்து, அவள் கூடவே கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச நாளில் சம்சுன்னிசாவுக்கு முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒருமுறை மூவார்க் குடும்பம் வந்திருந்தபோது, "நீங்க இருங்க லாத்தா, நான் கூட்டிட்டுப் போய்ட்டு வரேன்" என்று ருக்கையா கிளம்பினாள். போ என்று சொன்னது சம்சுன்னிசாவின் வாய்தான். அதை நினைத்து அவள் பிற்பாடு தன் வாயையே நொந்துகொண்டாள்.

ருக்கையா அவர்களைச் சாங்கி கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். வீட்டிலேயே சோறும் ஆணமும் ஆக்கி எடுத்துப்போய், தென்னைமரத்தடியில் பாய் விரித்துத் தொழவைத்து, பெண்களைத் துப்பட்டியோடு முழங்கால் தண்ணீரில் இறக்கிவிட்டிருக்கிறாள். சாயங்காலம் அவர்கள் மாடிப்படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. பாவாடையெல்லாம் மணல். சம்சுன்னிசா இத்தனை வருஷத்தில் யாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனதில்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"கடல்காத்து ஒடம்புக்கு ஆகாது" என்றாள்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று இரவு ருக்கையா ஆக்கிய மீன் ஆணத்தில் உப்புத் தூக்கல் என்று சம்சுன்னிசா தட்டைத் தள்ளிவைத்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் வருகிறவர்கள் படி ஏறும்போதே, "ருக்கையா இருக்காளா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கும்போதெல்லாம் சம்சுன்னிசா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். புருஷன் மீராசாவிடம் பொருமினால் அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "முழங்கால் வலிக்குதுன்னு நீதானே சொன்னே? ஒருத்தி தாங்குறான்னா சந்தோசப்படேன்" என்பார். இந்த ஆம்பளைகளுக்கு என்ன தெரியும்? சண்டை போடலாம் என்றால் அதற்கும் ருக்கையா வழி வைக்கவில்லை. குத்திப் பேசினாலும் லாத்தா, லாத்தா என்று வந்து நிற்பாள். உப்பா, புளியா, ஆப்பச் சோடாவா, எல்லாவற்றுக்கும் லாத்தாவிடம்தான் கேட்பாள். அந்தப் பணிவைப் பார்க்கப் பார்க்கத்தான் சம்சுன்னிசாவுக்கு இன்னும் எரிந்தது. கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் தேவலை, ஊரே தன் பக்கம் பேசியிருக்கும் என்று நினைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தேக்கா மார்க்கெட்டில் அவள் மருதப்பனைப் பார்த்தாள். ஜாலான் புசார் பக்கத்துச் சந்தில் ராவுத்தர் ஒருவர் வெகுகாலமாக நெய்ச்சோற்றுக் கடை நடத்திவந்தார். அவர் ஊருக்கே போய்விட, மருதப்பன் கடையை வாங்கியிருந்தான். அவன் கறி வாங்கிக்கொண்டு நின்ற கடை முஸ்லிம் கடை இல்லை.

"ராவுத்தர் கடைக்கா இந்தக் கறி?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. இங்கே கொஞ்சம் நயமா கெடைக்குது."

"வாசல்ல 786 போர்டு அப்படியே தொங்குதே அப்பா."

மருதப்பன் வெள்ளையாகச் சிரித்தான். "அது கடையோட வந்த நம்பருக்கா. ராவுத்தருக்கு ராசியான நம்பராம்ல? கழட்டிடாதீங்கன்னு வீட்டுல ஒரே பிடிவாதம். நான்தான் பச்சைப் பெயின்ட் புதுசா அடிச்சேன்."

பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எழுதும் எண் அது, முஸ்லிம் கடை என்பதற்கு அடையாளம் என்று அவனுக்கு விளக்கிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்பான், நல்ல மனுஷன். அவசரத்தில் இருந்த சம்சுன்னிசா, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டாள். வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அப்போது நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை.

அடுத்த மாதம் பினாங்கிலிருந்து மைமூன் பீவி இரண்டு மருமகள்களோடு ரயிலில் வந்து இறங்கினாள். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவள், பேணுதலானவள், அந்நிய வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கும் யோசிப்பவள். இத்தனை வருஷமும் சம்சுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தவள். அவள் இந்த முறை உட்கார்ந்ததும் சொன்னாள்: "சம்சு, நீ காலை நீட்டி இரு. நாங்க ருக்கையாவோட போறோம். கடலெல்லாம் காட்டுறாளாமே."

சம்சுன்னிசா சிரித்துவைத்தாள். சிரித்த வாய் வலித்தது.

மறுநாள் காலையில் கிளம்பும்போது மைமூன் பீவிதான் அந்தப் பேச்சை எடுத்தாள். "வர்ற வழியில ஜாலான் புசார் சந்துல ஒரு கடை பாத்தேன். பச்சை எழுத்துல 786 பளிச்சுன்னு இருந்துச்சு. நெய்ச்சோறு வாசம் வேற. மதியம் அங்கேயே சாப்பிடலாமா?"

ருக்கையா வழக்கம்போலத் திரும்பினாள். "அந்தக் கடை எப்படி லாத்தா?"

சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. சம்சுன்னிசா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலைநிமிராமல், "நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே. போய்ப் பாரு" என்றாள்.

அவர்கள் போய்விட்டார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நடக்கப்போவதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மைமூன் பீவி சாப்பிடுவாள். பிறகு யாராவது சொல்வார்கள், சொல்லாமல் இருப்பார்களா? ஓதி அறுக்காத கறியைத் தின்னவைத்தவள் என்று ருக்கையாவின் பேர் பினாங்கு வரை நாறும். அதற்கப்புறம் யார் வந்து ருக்கையா இருக்காளா என்று கேட்பார்கள்? நினைக்க நினைக்கத் தித்தித்தது. அந்தத் தித்திப்பிலேயே வீட்டைப் பெருக்கினாள், துணி மடித்தாள்.

லுஹருக்குப் பாங்கு சொன்னது. ஒளு செய்து பாயில் நின்று கையை உயர்த்தினாள். மைமூன் பீவியின் வாய்தான் கண்ணில் வந்தது, ஒரு வாய் தண்ணீருக்கும் யோசிக்கிற அந்த வாய். அதில் போகப்போகிற கறி யார் கணக்கில் எழுதப்படும்? ருக்கையாவுக்கு ஒன்றும் தெரியாது. மருதப்பனுக்கும் தெரியாது. தெரிந்தவள் இங்கே பாயில் நிற்கிறாள். சம்சுன்னிசா அப்படியே துப்பட்டியை அள்ளிப் போர்த்திக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படி இறங்கி, தெருமுனையில் நின்ற ட்ரைஷா வண்டியில் ஏறினாள். வழியெல்லாம், அவர்கள் இன்னும் சாப்பிட ஆரம்பித்திருக்கக் கூடாதே என்று அல்லாஹ்விடம் கெஞ்சினாள்.

சந்துக்குள் நுழைந்தபோது நாலு பேரும் கடை வாசலில், அஞ்சடி நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மைமூன் பீவி பசியில் முகம் சிவந்து விசிறிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே பச்சைப் போர்டு பளபளத்தது.

"உள்ள போகாதீங்க" என்றாள் சம்சுன்னிசா, மூச்சு வாங்க. "கடை கைமாறிப்போச்சு. கறி நம்ம கறி இல்ல."

"நாங்க எங்கே போனோம்?" என்றாள் மைமூன் பீவி. "உன் ஓரகத்தி விட்டாத்தானே. அரை மணி நேரமா வாசம் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

ருக்கையா எழுந்து வந்து லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலையில கேட்டப்போ நீங்க மனசாரத் திங்கலாம்னு சொல்லல லாத்தா. அதான் எனக்கு உள்ள போக மனசு வரல. உங்களுக்குத் தெரியாத கடையா? ஏதோ இருக்கும்னு நின்னுட்டேன்."

அவள் வஞ்சகமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் மைமூன் பீவியின் விசிறி நின்றுவிட்டது.

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா சம்சு?"

எல்லார் கண்ணும் சம்சுன்னிசா மேல் இருந்தது. தெரியும் என்றால், தெரிந்தும் வாய் மூடி அனுப்பினாயா என்று அடுத்த கேள்வி வரும். ஊரிலுள்ள அத்தனை அடுப்படியும் அறிந்தவள் என்று வாங்கிய பேரைக் காப்பாற்றத் தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும், சொன்னால் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

"தெரியாது" என்றாள். "இப்பத்தான் கேள்விப்பட்டேன்."

ருக்கையா பிடித்திருந்த கையை விடவில்லை. ஆனால் சம்சுன்னிசாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். காலையில் லாத்தா தலைநிமிராமல் மடித்த வெற்றிலை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"பாவம், உனக்கும் வயசாகுது" என்றாள் மைமூன் பீவி ஆறுதலாக. "ஒருத்தியே எவ்வளவு கடையத்தான் ஞாபகம் வச்சிக்குவே? இனிமே நாங்க ருக்கையாவையே கேட்டுக்கறோம். நீ வீட்டுல நிம்மதியா இரு."

அங்கிருந்து நார்த் பிரிட்ஜ் ரோட்டுக்குப் போனார்கள். சம்சுன்னிசா எத்தனையோ முறை அடுப்படி வரை போய்ப் பார்த்து நல்ல பேர் கொடுத்த கடைதான். வாசலில் நின்ற மைமூன் பீவி பின்னால் நொண்டி வந்தவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன ருக்கையா, இங்கே போகலாமா?"

ருக்கையா ஒரு நொடி லாத்தாவைப் பார்த்தாள். சம்சுன்னிசா துப்பட்டி முனையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"மனசாரத் திங்கலாம்" என்றாள் ருக்கையா.

எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சம்சுன்னிசாவும் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.