கராஜ் கதவை யார் திறப்பது

இந்த ஊரில் சனிக்கிழமை காலையானால் படித்த மனிதர்கள் ஏணியில் ஏறிக் கதவுக்கு எண்ணெய் விடுகிறார்கள். வீட்டு வாசற்கதவுக்கு அல்ல, கார் நிறுத்தும் அறையின் கதவுக்கு. அந்த அறைக்கு கராஜ் என்று பெயர். நான்கைந்து அகலப் பலகைகளைக் கீல் போட்டு இணைத்த கதவு அது. கீழே பிடித்துத் தூக்கினால் சிறு சக்கரங்களில் ஓடி மேலே போய்க் கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். தூக்குகிறவருக்குப் பாரம் தெரியாமலிருக்க இரு பக்கமும் ஸ்பிரிங்கும் கம்பிக்கயிறும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பல் டாக்டர். வாரமெல்லாம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு திரிகிற மனிதர், சனிக்கிழமை வந்தால் கிழிந்த கால்சட்டையும் எண்ணெய்க் குப்பியுமாக அந்தக் கதவையே சுற்றிச் சுற்றி வருவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை பார்க்கும்போதுகூட அவர் முகத்தில் இவ்வளவு பக்தியை நான் கண்டதில்லை. மிச்சிகனுக்கு வந்த புதிதில் இதைப் பற்றித் திண்டுக்கல்லில் இருக்கும் அக்காவுக்குப் பக்கம் பக்கமாகக் கேலி செய்து எழுதினேன்.

ஒருநாள் அவர் வேலி ஓரமாக வந்து, "உங்கள் கதவுக்குக் கடைசியாக எப்போது எண்ணெய் விட்டீர்கள்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அதற்கெல்லாம் ஆள் உண்டு என்றேன். "அப்படியா? அந்த ஆள் தன் வீட்டுக் கதவுக்கு எப்போது எண்ணெய் விடுவார்?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இந்த வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த ஆள் வேறு யாருமில்லை, என் அக்கா கணவர் சவரிமுத்து அத்தான். வத்தலக்குண்டு சாலையில் ஒரு புகையிலை வியாபாரியிடம் பதினைந்து வருஷம் கார் ஓட்டினார். முதலாளி வீட்டுக் கார் ஷெட்டுக்குத் தகரம் அடித்த இரட்டைக் கதவு. கீல் தளர்ந்து தரையில் இழுபடும். அத்தான் காரை விட்டு இறங்கி, ஒவ்வொரு கதவையும் தோளால் நெம்பித் தூக்கித் திறந்து, மறுபடி ஏறிக் காரை உள்ளே விட்டு, இறங்கிப் போய்ச் சாத்துவார். ஐப்பசி மழையிலும் அப்படித்தான். முதலாளி பின் சீட்டில் வெற்றிலை மென்றபடி, "ஏலே சவரி, கதவு என்னலே ராகம் போடுது, வெளக்கெண்ணெய் விடு" என்பார். சில நாள் முதலாளியின் மகன் காரை எடுத்துப் போவான். அவன் திரும்பி வந்து வாசலில் ஹார்ன் அடித்தால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அத்தான் எச்சில் கையோடு ஓட வேண்டும். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அந்தாளுகளுக்குக் கையில்லையா அத்தான்?" என்று கத்துவேன். "கை இருக்கு மாப்ள, பழக்கமில்ல" என்பார் அவர். முதலாளிகளை நினைத்தாலே காறித் துப்பத் தோன்றிய வயது அது.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் மனைவி ஜெசிந்தா திண்டுக்கல்லிலேயே டைப்ரைட்டிங் ஹையர் தேறியவள். இங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. மார்ச் மாதம் சேர வேண்டும். ஒரு பழைய டைப்ரைட்டர் வாங்கிச் சமையலறை மேசையில் வைத்து, அரிசி வேகும் நேரத்தில்கூடத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். முதல் பனி விழுந்த அன்று நான் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து திரும்பியபோது, புது ஷூவோடு பனியில் இறங்க மனமில்லாமல் கராஜ் முன்னால் ஹார்ன் அடித்தேன். அவள் ஓடி வந்து உள்ளிருந்து கதவைத் தூக்கினாள். மறுநாளும் அடித்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. முதலாளிகளைத் திட்டிய வாய்க்குச் சொந்தக்காரன்தான் ஹார்னையும் அழுத்துகிறான் என்று எனக்கு உறைக்கவேயில்லை. பல் டாக்டரோ, நான் தினமும் தனக்குத்தான் வணக்கம் சொல்கிறேன் என்று எண்ணி, ஜன்னலில் நின்று கையை ஆட்டுவார். அவருடைய அறியாமையை எண்ணி நான் உள்ளூரச் சிரித்தபடி பதிலுக்குக் கையை ஆட்டுவேன்.

தை மாதக் குளிரில் கதவு கனக்கத் தொடங்கியது. "அந்தக் கயிறு நூலு நூலாப் பிரியுதுங்க. இம்புட்டுக் கனத்தை ஒத்தையாத் தூக்க முடியல. செத்த என்னன்னு பாருங்களேன்" என்றாள் ஜெசிந்தா.

"ஆள் வரச் சொல்றேன்."

"இங்க ஏது ஆளு? பக்கத்து வீட்டு டாக்டரே அவரா ஏறித்தான பாக்குறாரு."

"எஞ்சினியரிங் படிச்சுட்டு நான் கதவுக்கு எண்ணெய் விடணுமாக்கும்" என்றேன். அவள் டைப்ரைட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு மாலை ஹார்ன் அடித்தேன். கதவு பாதி எழுந்து நின்றது. ஏன் தாமதம் என்று இன்னொரு முறை அடித்தேன். கயிறு அறுந்தது. கதவு மொத்தமாக இறங்க, மேலே தள்ளுவதற்காக இரு பலகைகளுக்கு நடுவே அவள் கொடுத்திருந்த வலது கை விரல்கள் மாட்டிக்கொண்டன. நான் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதை எந்த இடத்தில் பிடித்துத் தூக்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் என் படிப்பின் லட்சணம். பல் டாக்டர்தான் கார் ஜாக்கியோடு ஓடி வந்து கதவை நெம்பினார். ஆஸ்பத்திரிக்கும் அவரே காரை ஓட்டினார். பின் சீட்டில் என் பக்கத்தில் துண்டு சுற்றிய கையோடு உட்கார்ந்திருந்த ஜெசிந்தா, "ரெண்டாந் தடவை அடிக்காம இருந்திருந்தா மெதுவாத் தூக்கிருப்பேன். அந்தச் சத்தம் கேட்டாலே கை பதறுது" என்றாள். முன்னால் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது என்பதே அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். என்னைப் போல ஒரு கேவலமான பிறவியை நான் பார்த்ததில்லை.

இரண்டு விரல்கள் வளைந்தபடிதான் இருக்கும் என்றார்கள். டைப்பிஸ்ட் வேலையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை, டாக்டர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, புதுக் கயிறு மாட்டி, கீலுக்கும் சக்கரத்துக்கும் எண்ணெய் விட்டேன். அன்றிலிருந்து நானே இறங்கிக் கதவைத் தூக்குகிறேன்.

அந்த வாரமே அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. 'உனக்கு அங்கே டிரைவர் உண்டா என்று அத்தான் கேட்கச் சொன்னார்' என்று எழுதியிருந்தாள். வெட்கம் கெட்டவன் நான், உடனே ஏரோகிராம் கடிதத்தாளை எடுத்தேன். 'இந்த நாட்டில் ஒருவர் கதவை இன்னொருவர் திறப்பது கிடையாது. அவரவர் கதவை அவரவரே திறந்துகொள்வோம். நம்மூர் முதலாளிகள் வந்து பார்த்துப் புத்தி படிக்க வேண்டும் என்று அத்தானிடம் சொல்.' ஒட்டும் முன் ஜெசிந்தா வாங்கிப் படித்தாள். பேனாவை இடது கையில் பிடித்து, அடியில் கோணல் மாணலாக ஒரு வரி எழுதினாள்: 'போன சனிக்கிழமையிலிருந்துதான், மதினி.'

அந்த ஏரோகிராம் இன்னும் காரில்தான் கிடக்கிறது. கிழித்துப் போடத் துணிவில்லை, அத்தான் கைக்குப் போகிற தபாலில் சேர்க்கவும் துணிவில்லை. திண்டுக்கல் முகவரியைச் சுமந்துகொண்டு, தினமும் என்னோடு ஆலைக்குப் போய் என்னோடு திரும்பி வருகிறது.