படகுக்கு வாங்கிய கீல்

எங்கள் அகரம் குளத்தில் மீன்பிடிக் குத்தகை எடுத்த வருஷம், தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பழைய படகை வாங்கி லாரியில் ஏற்றி வந்தேன். விற்றவர், "கீல் போடாம தண்ணியில எறக்கிராதீக" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

நானோ கத்தரிக்காய் போடுகிறவன். கதவை நிலையோடு சேர்க்கிற கீலைத்தான் எனக்குத் தெரியும். படகுக்கு ஏது கதவு? குழப்பத்தோடு திண்டுக்கல் இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரரும் விழித்தார். "படகுக்கா? தண்ணி படுமே, பித்தளையில கொண்டு போங்க" என்று இரண்டு கீல் கொடுத்தார்.

இதை எங்கே பூட்டுவது? ஒரு நாள் முழுக்க யோசித்து, உட்காரும் பலகையைத் தூக்கித் திறக்கும்படி பூட்டிவிட்டேன்.

நீச்சல் தெரியாத மைத்துனர் செல்லையாவும் என்னோடு ஏறினார். நடுக்குளத்தில் எங்கள் கால் நனைந்தது. "மச்சான், கீலு வழியாவா தண்ணி வருது?" என்று அலறினார். பலகையைத் தூக்கினேன். அடியில் சந்துக்குச் சந்து தண்ணீர் பீறிட்டது. சோற்றுத் தூக்குச்சட்டியால் அவர் இறைக்க, நான் துடுப்புப் போட, எப்படியோ கரை சேர்ந்தோம்.

விற்றவருக்குக் கார்டு போட்டேன். "எங்க ஊரில் கீல் என்றால் தார். காய்ச்சிச் சந்தில் பூசுவது" என்று பதில் வந்தது.

இப்போதெல்லாம் கடையில் நான் பொருளின் பெயரைச் சொல்வதில்லை. அது செய்யவேண்டிய வேலையைச் சொல்லிக் கேட்கிறேன். படகுக்குத் தாரும் பூசியாயிற்று. ஆனாலும் செல்லையா ஏறும் முன் கேட்காமல் இருப்பதில்லை: "மச்சான், கதவைச் சாத்திட்டீகளா?"