மூன்றாவது ஆஸ்பத்திரி

நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. என் பெயர் ஜெயஷீலா. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக நர்ஸ். எத்தனையோ சாவுகளைப் பார்த்துவிட்டேன். எந்தப் பிணமும் என்னைப் பயமுறுத்தியதில்லை. இது பட்டப்பகலில், மூன்று மணிக்கு மேல் நடந்தது. ராத்திரி நடந்திருந்தால்கூட ஏதோ தூக்கக் கலக்கம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

2025 ஜூன், ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு எங்களுக்கு டிரில். இன்னொரு கொரோனா வந்தால் ஆஸ்பத்திரி எந்த அளவுக்குத் தயார் என்று காட்டும் ஒத்திகை. மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்த பின்பக்க வார்டை முந்தின நாள்தான் திறந்து பெருக்கினார்கள். பத்துப் படுக்கை, பத்து வெள்ளை விரிப்பு. நோயாளியாக நடிப்பதற்கு எலிசாள் என்ற நாடகக்காரியை ஏற்பாடு செய்திருந்தார் குவாலிட்டி ஆபீசர் பிரதீஷ். போனில் பேசியதோடு சரி. அவளை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை.

நோயாளி வாசலுக்கு வந்த ஐந்து நிமிஷத்துக்குள் ஆக்சிஜன் மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும். அதுதான் பரீட்சை. வெறும் மாஸ்க் மட்டும். ஆக்சிஜன் எதற்கு வீணாக என்று வார்டுக்கு வரும் குழாயின் வால்வை யாரும் திறக்கவில்லை. ஒத்திகைக்கு அது போதும் என்று நானும்தான் தலையாட்டினேன்.

மணி 3:12. முழுக்கவச உடையை மாட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். ஸ்ட்ரெச்சர் ஏற்கெனவே அங்கே நின்றது. ஆம்புலன்ஸைக் காணவில்லை. தள்ளி வந்தவரையும் காணவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அதில் படுத்திருந்தவளுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். முகத்தில் பழைய துணி மாஸ்க். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கர்ர்... கர்ர்... நன்றாகவே நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

“பெட் இருக்கோ?” என்று கேட்டாள்.

“இருக்கு அம்மா.”

“நெஜமாவே இருக்கா?”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இரண்டு கையுறை போட்டிருந்தேன். இரண்டையும் தாண்டி ஐஸ் மாதிரி சில்லென்றது.

படிவம் நிரப்பினேன். பெயர் விஜயம். ஊர் வலியசாலை. மகனின் நம்பர் கேட்டேன். அதுவரை ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியவள், பத்து எண்களையும் நிறுத்தாமல் சொன்னாள். நடிப்பில் இதை மட்டும் கோட்டைவிட்டுவிட்டாளே என்று உள்ளுக்குள் சிரித்தேன். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன். எண் எதுவும் வரவில்லை. வெறும் இரண்டு கோடுகள். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

3:16. நாலாம் படுக்கையில் கிடத்தி, மாஸ்க்கை மாட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரதீஷ் கடிகாரத்தை நிறுத்தினார்.

“நாலு மினிட்டு. அம்மச்சிக்க ஆக்டிங் கொள்ளாம், நல்லாருக்கு கேட்டோ, சிஸ்டரே.”

எல்லாரும் சாயா குடிக்கப் போனார்கள். நான் உடை மாற்றும் அறைக்குப் போனேன். கவசத்தைக் கழற்றவே கால் மணி நேரம் ஆகும்.

3:31. கடைசிக் கையுறையைக் கழற்றும்போது கேட்டது.

கர்ர்... கர்ர்...

வார்டுக்குள் போனேன். அதே படுக்கை. அதே கிடை.

“அம்மா, டிரில் முடிஞ்சு. எழும்புங்க.”

“மூச்சு முட்டறது... காத்தைத் திறந்துவிட மாட்டேளா?”

உதடு நீலமாக இருந்தது. அந்த நீலத்தை எனக்குத் தெரியும். எந்தச் சாயத்தாலும் அதைக் கொண்டுவர முடியாது.

என் போன் அடித்தது. பிரதீஷ்.

“சிஸ்டரே, எலிசாள் இப்பதான் வந்து நிக்கா. தம்பானூர்ல டிராஃபிக் பிளாக்காம். அப்போ... உள்ள கிடக்கது யாரு?”

அப்படியென்றால் இது நிஜ நோயாளி. பதினைந்து நிமிஷமாகக் காற்றே வராத மாஸ்க்கைப் போட்டுக் கிடத்தியிருக்கிறேன். ஆண்டவரே, ஒரு உயிரைக் கொல்கிறேனே!

படுக்கைக்குப் பின்னால் இருந்த குமிழைத் திருகினேன். காற்று வரும் சத்தமே இல்லை. வராந்தாவில் இருக்கும் வால்வுக்கு ஓடினேன். வால்வுப் பெட்டியில் பூட்டு தொங்கியது. சாவி மெயின்டனன்ஸ் அஜீஷிடம். அஜீஷ் அன்றைக்கு லீவு.

கத்திக்கொண்டே ஓடினேன். சிலிண்டரை உருட்டிக்கொண்டு பிரதீஷோடு திரும்பி வந்தேன்.

3:38.

படுக்கை காலி.

விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

தலையணையில் மாஸ்க் கிடந்தது.

அதன் உள்பக்கம் ஆவி படிந்தது...

மறைந்தது.

மறுபடி படிந்தது...

பிரதீஷ் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவரும் பார்த்தார்.

பிறகு நின்றுவிட்டது.

பின்வாசல் செக்யூரிட்டி ஐயப்பனைக் கேட்டோம். “காலையில இருந்து நானல்லே இங்க நிக்கேன். ஒரு ஆம்புலன்ஸும் வரல்ல, சிஸ்டரே. ஆரும் வெளிய போகவும் இல்ல.”

5:40. படிவத்தில் நானே எழுதிய நம்பரைக் கூப்பிட்டேன். எடுத்தவர் அனந்தபத்மநாபன் என்றார்.

“சார், உங்க அம்மா விஜயம்...”

“எந்த ஆஸ்பத்திரி?”

குரலில் பதற்றமே இல்லை. சொன்னேன்.

“டிரில்லா?”

ஆமாம் என்றேன்.

“அம்மா போய் நாலு வருஷமாச்சு. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு மே மாசம். ஆம்புலன்ஸ்ல வெச்சுண்டு நாலு ஆஸ்பத்திரி அலைஞ்சேன். எங்கேயும் பெட் இல்லைன்னுட்டா. நாலாவது வாசல்லயே போயிட்டா. இப்போ ஒரு மாசமா இப்படிப் போன் வரது. அன்னிக்கு நான் போன அதே வரிசையில. உங்களோடது மூணாவது.”

போனைக் காதிலிருந்து எடுக்கவும் முடியவில்லை.

“ஆக்சிஜன் குடுத்தேளா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

“முன்னாடி கூப்பிட்ட ரெண்டு ஆஸ்பத்திரிக்காராளும் இப்படித்தான் பேசாம இருந்தா,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.