வில்ஃபின் முதல் வாய்

வட இங்கிலாந்தின் கிராக்லியில் வில்ஃப் என்ட்விசில் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினார். அதற்காக அவரை யாரும் மதித்ததில்லை. கட்டிய இரண்டு மனைவிகளும் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மதிப்பெல்லாம் அவர் நாக்குக்குத்தான். ‘கறுப்புக் கடா’ பப்பில் புது பீர்ப் பீப்பாய் திறந்தால் முதல் அரை கிளாஸ் அவருக்கு. அவர் தலையசைத்த பிறகுதான் ஊருக்கு. மூஞ்சியைச் சுளித்தால் பீப்பாய் வந்த வழியே திரும்பிப் போகும்.

மனுஷனும் லேசுப்பட்டவரில்லை. ஒருமுறை பப்பை நடத்தும் கிளெனிஸிடம், “இதப் பன்னிக்கு ஊத்தும்மா. பன்னியே கோவிச்சுக்கும்” என்று கடை நிறைந்த கூட்டத்தில் சொன்னார். அவள் நிலவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

போன குளிர்காலத்துக் காய்ச்சலில் அவருக்கு வாசனை போயிற்று. பின்னாலேயே ருசியும் போயிற்று. உப்பு, புளிப்பு, கசப்பு எதுவும் இல்லை. வாயில் விழுந்ததெல்லாம் நனைந்த அட்டை. வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். வரவில்லை. வில்ஃப் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் அந்த முதல் கிளாஸ் வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

கண்ணை வைத்து ஒப்பேற்றினார். கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். பொன்னிற பிட்டர் பீர் கலங்காமல் நின்றால், “தேன்... ஆரஞ்சுத் தோல்... கடைசியில காஞ்ச வைக்கோல். ஊத்து” என்பார். கிளெனிஸ் பீப்பாய் நிலவறையைப் பூஜையறை மாதிரி வைத்திருந்ததால் பத்து மாதம் பிழைப்பு ஓடியது.

நவம்பரில் பப்பின் கக்கூஸ் குழாய் வெடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓட, வில்ஃப் மட்டும் கறிப் பணியாரத்தை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். “என்னப்பா, எல்லாரும் எங்க கிளம்பிட்டீங்க?” என்றார்.

கறிக்கடை பார்னி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை மதியம் கூட்டம் கடை கொள்ளவில்லை. திறந்து பத்து நாளான பீப்பாயின் அடிமண்டியை ஒட்டி நின்ற பீரை பார்னி சொன்னபடி கிளெனிஸ் எடுத்து வைத்திருந்தாள். பீப்பாய்க்குள் பிட்டர் உயிரோடு இருப்பது மூன்று நாலு நாள்தான். செத்த பிறகு காடியாகிவிடும், ஆனால் கண்ணாடியாய்த் தெளியும். அந்தப் பக்கத்து பீர்ப் பம்பின் மூக்கில் மாட்டும் சல்லடை அதற்கும் நுரை கட்டிவிடும். கண்ணை மட்டும் நம்புகிறவனுக்கு வேறு பொறி தேவையில்லை.

“வாங்கண்ணே, புதுசு. நீங்க சொன்னாத்தான் ஊத்துவேன்” என்றாள் கிளெனிஸ்.

வில்ஃப் வெளிச்சத்தில் பார்த்தார். குடித்தார். கண்ணை மூடினார். “பிரமாதம். தேன்... ஆரஞ்சுத் தோல்...”

“லேசாப் புளிப்பு அடிக்குதோ அண்ணே?” என்றான் பார்னி, பவ்யமாக.

“புளிப்பு உன் நாக்குலடா. கறி வெட்டுற பயலுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது?”

“தெரியாதுதான். இன்னொரு வாய் குடிங்கண்ணே, வைக்கோல் இன்னும் வரல.”

குடித்தார். யாரோ அடக்கமாட்டாமல் சிரிக்க, கடையே வெடித்தது.

“சுத்தக் காடிண்ணே! சிப்ஸ் மேல தெளிச்சுத் திங்கலாம்!” என்றான் பார்னி.

“எனக்குத் தெரியும்டா. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்.” நம்புவதுபோல் நடிக்கக்கூட ஒருவரும் இல்லை. கிளெனிஸ் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “பன்னிக்குப் பிடிச்சிருக்கு போல.”

அதோடு அவர் நின்றிருக்கலாம். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். முதல் கிளாஸ் வந்தது: பாத்திரம் கழுவிய தண்ணீர். அதற்கடுத்த வாரம் ஊறுகாய் முட்டை ஜாடியின் சாறு. பிறகு ஆறிப்போன டீ. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வில்ஃப் முகங்களை நோட்டம் விடுவார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தால் இது கெட்டது என்று தெரியும். தெரிந்தும், “தேன், ஆரஞ்சுத் தோல்” என்று உரக்கச் சொல்லிச் சிரிப்பை வாங்கிக்கொள்வார். கேவலம்தான். வீட்டில் கெட்டிலைத் தவிர சத்தம் போட ஒரு ஜீவனில்லாத மனுஷனிடம் போய்க் கேவலத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

வசந்தம் வருவதற்குள் வேடிக்கை சலித்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை கிளெனிஸ் அரை கிளாஸை அவர் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தாள். பொன்னிறம், நல்ல நுரை. வில்ஃப் குடித்தார். பிட்டரா, கழுவுதண்ணியா என்று தெரிந்துகொள்ள வழக்கம்போல் முகங்களைப் பார்த்தார். பார்னி டிவியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஆரஞ்சுத் தோல்” என்றார் வில்ஃப், சத்தமாக.

யாரும் திரும்பவில்லை. கிளெனிஸ் அதே பம்பிலிருந்து ஏற்கெனவே நாலாவது ஆளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.