ஏஞ்சல் மீன் குஞ்சுகளுக்குச் சாம்பிராணி

என் கணவருக்கு வாதம் வந்து எட்டு மாதமான பிறகுதான் நான் மீன் வளர்க்க ஆரம்பித்தேன். ஆசைப்பட்டு அல்ல. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போய்க் கட்டிலில் கிடந்த மனிதர், எதிரே இருந்த மீன் தொட்டியை மட்டும்தான் பார்த்தார். நான் முன்னால் போய் நின்றாலும் எட்டித் தொட்டியைத்தான் பார்ப்பார். முப்பது வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை அது.

ஏஞ்சல் மீன் வளர்த்து ஈப்போ நகரத்து வளர்ப்பு மீன் கடைகளுக்குக் கொடுத்தவர் அவர். படுத்த பிறகு மிஞ்சியது ஒரே ஒரு சோடி. அதுகளும் பத்து நாளைக்கு ஒரு தடவை தொட்டியில் சாய்த்து வைத்த கற்பலகையில் முட்டையிடும். மறுநாளே தின்றுவிடும். அன்றைக்கெல்லாம் இவர் கஞ்சி குடிக்காமல் வாயை இறுக மூடிக்கொள்வார். ஒரு தடவையாவது குஞ்சு நீந்துவதை இவருக்குக் காட்டிவிட வேண்டும், காட்டினால் மனிதர் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது.

மீன் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"அக்கா, முட்ட போட்டதும் கல்லோட எடுத்து வேற தொட்டியில வைங்க லா. பூசணம் பிடிக்காம இருக்க நீல மருந்து ரெண்டு சொட்டு விடுங்க, காத்து மோட்டர் ஓடட்டும். வெள்ளையாப் போன முட்டய எடுத்துப் போடுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். அடுத்த செவ்வாய்க்கிழமை முட்டை வந்தது. நான் பலகையை எடுக்கப் போக, ஆண் மீன் என் விரலைக் கொத்தியது. சின்னத் தொட்டியை இவர் கட்டிலோரம் வைத்தேன். பூசணம் பிடித்த முட்டைகளை ஊக்கு முனையால் ஒவ்வொன்றாக எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், தலை கல்லில் ஒட்டியிருக்க, நூல் மாதிரி வால்கள் துடித்தன. இவருடைய இடது உதடு மேலே போனது. எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றி, வழக்கம்போல் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டினேன். குளிப்பாட்டிய பச்சைப் பிள்ளைக்குப் புகை போடுகிறோமே, இதுகளும் பிள்ளைகள்தானே என்று தோன்றியது. கண் பட்டுவிடக் கூடாது. சாம்பிராணிக் கரண்டியைத் தொட்டியோரம், காற்று மோட்டார் பக்கத்தில் வைத்து, நன்றாக விசிறிவிட்டேன்.

இவர் கத்தினார். "ஆ... ஆ..." இடது கையால் கட்டில் கம்பியை அடித்தார்.

"என்னங்க, உங்களுக்கும் வேணுமா? இருங்க, வாரேன்" என்று நெற்றியில் விபூதி பூசினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். இன்னும் கேட்கிறார் என்று இன்னும் கொஞ்சம் பூசினேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சாமி நினைப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், பாவி.

சனிக்கிழமை காலையில் ஒரு வால்கூட அசையவில்லை. எல்லாம் வெளுத்து அடியில் கிடந்தன. இவர் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை.

கடைக்காரர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ அக்கா, அந்த மோட்டர் வீட்டுப் பொகைய இழுத்துத் தண்ணியில விட்டிருக்கும். சாம்பிராணி போட்டா மோட்டர் சுவிட்ச அடைச்சிரணும் லா. அண்ணே சொல்லலியா?"

நன்றாக இருந்த காலத்தில், நான் கரண்டியோடு வந்தாலே இவர் எழுந்து போய் மோட்டாரை அடைப்பார். பூஜை நேரத்தில் சத்தம் கூடாதென்று செய்கிறார், பரவாயில்லையே என்று நினைத்திருக்கிறேன்.

"சொன்னாரு" என்றேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். "என்னங்க, மோட்டர அடைக்கத்தான் சொன்னீங்களா?"

மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார்.

எட்டு மாதமாக இவர் தினமும் கத்துகிறார். நான் தண்ணீர் கொடுப்பேன், திருப்பிப் படுக்க வைப்பேன், காற்றாடியின் வேகத்தைக் கூட்டி வைப்பேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவார். கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.