யால டீச்சர் வைத்த தண்ணீர்

எட்டயபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சோறு விழுந்த நேரத்தில் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. பேசியவர் ஆடு வளர்க்கும் சுடலைமுத்து. சாதாரணமாக அவர் பேசினால் ஊருக்கே கேட்கும். அன்றைக்குக் குரல் அடங்கியிருந்தது. “சார், டீச்சர் போயிட்டாவ. காலைல காப்பி குடிச்சிட்டு உக்காந்தவிய அப்படியே சாஞ்சிட்டாவளாம்” என்றார். எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ டீச்சர்கள் வந்து போனார்கள். சுடலைமுத்து வாயில் டீச்சர் என்றால் அது ஒருவர்தான். இலையை மூடிவிட்டு எழுந்து கோவில்பட்டி பஸ்ஸைப் பிடித்தேன்.

குருமலை அடிவாரத்து நடுநிலைப்பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அன்னலட்சுமி டீச்சரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் சமூக அறிவியல், நான் கணக்கு. ஆசிரியர் அறையில் எதிரெதிர் நாற்காலி. சண்டை போடாமல் நாங்கள் டீ குடித்த நாள் குறைவு.

அவர் பிறந்தது இலங்கையின் தெற்கு ஓரத்தில், திஸ்ஸமகாராம என்ற ஊரில். அப்பா இந்தப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போய் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பக்கத்திலேயே யால காடு. காட்டுக்குள் இருந்த பயணியர் பங்களாவுக்கு அரிசியும் கருவாடும் இவர்கள் கடையிலிருந்துதான் போகும். சரக்கு ஏற்றிய ஜீப்பில் மகளும் தொற்றிக்கொள்வாள். பிறகு, இந்தியாவிலிருந்து போனவர்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் வந்தது. குடும்பம் கப்பலேறி ஊர் திரும்பியது. கரிசலுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், காடு என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், “எங்கட யாலையில…” என்று ஆரம்பித்துவிடுவார். அதனாலேயே பிள்ளைகள் அவரை யால டீச்சர் என்றார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

வகுப்பில் இலங்கைப் படத்தை வரைந்தால் தலைநகரத்தைக் குறிப்பதற்கு முன்னால் காடுகளைக் குறிப்பார். இங்கே வில்பத்து, வில்லு என்று சொல்லும் குளங்கள் நிறைந்தது. இங்கே யால, பாறை மேல் சிறுத்தை வெயில் காயும். யானைக் கூட்டம் குளத்தில் இறங்கினால் முதலை ஒதுங்கிக்கொள்ளும். சின்னத் தீவு, அதற்குள் இத்தனை உயிர் எப்படி என்று பிள்ளைகள் கேட்டால், “மனுசன் கொஞ்சம் தள்ளி நின்னான், அவ்வளவுதான்” என்பார். ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, யாரும் கீழே இறங்காமல் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பதை நடித்தே காட்டுவார். அந்த நேரத்தில் மட்டும்தான் அவர் வகுப்பில் சத்தம் இருக்காது. பக்கத்து வகுப்பில் நான் பின்னம் நடத்திக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகளின் காதெல்லாம் யாலையில் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

போர்க்காலத்தில் அந்தக் காடுகளில் சிலவற்றை மூடிவிட்டதாக வானொலியில் கேட்டுவிட்டு வந்து, ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. பின்னால் திறந்தார்கள் என்றதும் ஆசிரியர் அறைக்கே மிக்சர் வாங்கி வந்தார். “இவ்வளவு ஆசை இருந்தால் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாங்களேன்” என்றேன். “நான் போய்ப் பாக்காட்டா அதுக இல்லாமலா போயிரும்? அங்கன அதுபாட்டுக்கு இருக்குன்னு தெரிஞ்சா போதும் சார்” என்றார். இந்த அம்மாவுக்குப் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. உளுந்தும் கம்பும் கருகின. ஊருக்கு லாரியில் தண்ணீர் வந்தது. குருமலைக் காப்புக்காட்டில் இருந்த புள்ளிமான்கள் தாகம் தாங்காமல் ஊருக்குள் இறங்க ஆரம்பித்தன. நாய்கள் விடுமா? ஒரு நாள் காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றபோது, பள்ளி வேலியோரம் ஒரு சினைமான் குதறப்பட்டுக் கிடந்தது. டீச்சர் தன் குடையை விரித்து அதன் மேல் வைத்தார். அழவில்லை. நேராகச் சுடலைமுத்துவின் தோட்டத்துக்கு நடந்தார். பின்னாலேயே நான் போனேன். ஊரில் ஊற்று வற்றாமல் இருந்தது அவர் கிணறு ஒன்றுதான்.

“மலையடியில ஒரு தொட்டி கட்டுதோம். நீங்க தண்ணி தாங்க அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

“நல்லா இருக்கே கத! எங்க ஆட்டுக்கே எட்டல. மானுக்கு நான் எங்க போவேன்?”

“ஆடு கத்தினா நீங்க ஓடி வருவிய. மான் வந்து உங்ககிட்ட கேக்குமா?”

சுடலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். பேச்சு வளர்ந்து ஓய்ந்தது. கடைசியில், “ஆடி முடியட்டும் பாப்போம். அதுக்குள்ள ஒரு மான் வாய் வைக்கலைன்னா தண்ணிய நிப்பாட்டிருவேன். பெறவு என்னையக் கொற சொல்லக் கூடாது” என்றார். நின்றுபோனால் மான்கள் மறுபடி ஊருக்குள்தான் வரும், நாய் வாயில்தான் போகும் என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

வனத்துறையில் சொல்லி அனுமதி வாங்கினோம். குட்டிகள் தவறி விழுந்தாலும் ஏறி வர வேண்டும் என்று தொட்டியின் ஒரு பக்கத்தைச் சரிவாகக் கட்டச் சொன்னார் டீச்சர். கொத்தனார் முகத்தைச் சுளித்துக்கொண்டே கட்டினார். அதுவரைக்கும் எல்லாம் சரி. திறப்பு விழா என்று ஒன்று வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் கெட்டது. நல்ல காரியத்தைச் சும்மா தொடங்க எங்கள் பக்கத்தில் யாருக்குக் கை வரும்? தொட்டிக்கு மஞ்சள், குங்குமம், மாவிலைத் தோரணம். மைக் செட்டில் பாட்டு. சூடம், தேங்காய், சர்க்கரைப் பொங்கல். தீப்பெட்டியும் வெடியும் செய்கிற சீமை அல்லவா, சரவெடி இல்லாமல் எப்படி? ஊதுபத்தியை டீச்சர் கையில் கொடுத்தார்கள். கூட்டத்தைப் பார்த்த பூரிப்பில் யாலையும் மறந்தது, மானும் மறந்தது. வெடியைக் கொளுத்திவிட்டுக் கைதட்டினார். மலையே அதிர்ந்தது.

“உங்கட யாலையிலயும் இப்படித்தான் வெடி போடுவாங்களா டீச்சர்?” என்று காதோரம் கேட்டேன். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மான் வரவில்லை. நாள்கள் போயின. தொட்டித் தண்ணீர் வெயிலில் வற்றும், சுடலைமுத்து முனகிக்கொண்டே ஊற்றுவார். ஊர்க்காரர்கள் வேறு சும்மா இருக்காமல், மான் வந்துவிட்டதா என்று சாயங்காலமானால் வேடிக்கை பார்க்கக் கிளம்பினார்கள். டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டார். “ஊத்தணும், திரும்பிப் பாக்காம வரணும். அதுக குடிச்சிட்டுப் போவட்டும்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மஞ்சளைத் தேய்த்துக் கழுவினார், தோரணத்தை அறுத்தார். பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டியைச் சுற்றிக் கரிசல் மண்ணை வெட்டிப்போட்டு நனைத்து வைத்தார். மிதித்தால் தடம் பதியும் இல்லையா.

இரண்டொரு நாளில், “மான் வந்துட்டு! மான் வந்துட்டு!” என்று பள்ளிக்கூடமே கேட்கக் கூவிக்கொண்டு வந்தார். சுடலைமுத்து போய்க் குனிந்து பார்த்தார். “டீச்சர், இது நம்ம ஆடு கருப்பி. முன்னங்கால சாச்சு வைக்கும். இந்தா, இது அவ குட்டி” என்றார். அன்றைக்கு டீச்சரை நான் கிண்டல் செய்யவில்லை. அவர் முகம் அப்படி வாடியிருந்தது. ஆடி முடியவும் அதிக நாள் இல்லை.

ஒரு மத்தியானம், நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சுடலைமுத்து வராந்தாவில் வந்து நின்றார். மேலெல்லாம் வியர்வை. “டீச்சர், நேத்திலிருந்து ஆட்டப் பட்டிய விட்டே அவுக்கல. ஊசி போட்டிருக்கு. ஆனா அங்கன தடம் கெடக்கு. மண்ணு பூரா கெடக்கு” என்றார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தார்.

டீச்சர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு வாசல் வரை ஓடினார். செருப்பை மாட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். “பார்க்கப் போகலையா?” என்றேன். “வந்துட்டுல்லா. நாம போனா நம்ம வாடை அங்கன தங்கிரும்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தை நடத்தினார். நான் என் வகுப்புக்குத் திரும்பினேன். பின்னத்தைப் பிள்ளைகளையே போடச் சொல்லிவிட்டேன்.

அந்தக் கோடையைக் கடந்தோம். பிறகு மழையும் வந்தது. ஆனாலும் சித்திரை பிறந்தால் தொட்டி நிறைய வேண்டும் என்பது ஊரில் வழக்கமாகிவிட்டது. கிழமைக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள், கிணறு மட்டும் என்றைக்கும் சுடலைமுத்துவுடையது. ஓய்வு பெற்றுக் கோவில்பட்டியில் குடியேறிய பிறகும் டீச்சர் தன் முறையை விடவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து, குடம் சுமந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து போவார். இத்தனை வருஷத்தில் அந்தத் தொட்டியில் ஒரு மான் குடிப்பதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்தது கிடையாது.

இழவு வீட்டுக்குச் சுடலைமுத்து பிந்தித்தான் வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. “இன்னைக்கு முறைக்காரன் ஊருல இல்ல. நானே ஊத்திட்டு வாரேன். இல்லைன்னா அவிய மொகத்துல எப்படி முழிக்க?” என்றார். டீச்சரின் கால் பக்கம் குனிந்து கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “செவ்வாக்கெழமைக்கு யாரு சார்?” என்றார்.

டீச்சருடைய புத்தகங்கள் பள்ளிக்குப் போகட்டும் என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள். நல்லது. பிள்ளைகள் படிக்கட்டும். அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். போன வாரம்தான் முதல் தடவை. எனக்கு இடுப்பு வலி உண்டு, பாதிப் பாதிக் குடமாகத்தான் சுமக்க முடிந்தது. தொட்டி நிறைந்ததும் குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் முள்ளுக்குள் ஏதோ சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, டீச்சர்.