குரூப்பில் போடாத படம்

அப்பாவுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. மனு எழுதித் தருவதும், எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று வழி சொல்வதும் அங்கே இலவசம் என்பதால், பொதுக்காரியம் என்றால் எல்லோரும் அப்பாவைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அவரும் நிற்பதற்குத் தயாராகவே இருப்பார். நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் அவர் கையில் எடுத்த காரியம் மழைத்தண்ணீர்க் கால்வாய்.

எங்கள் தெரு மேட்டில் இருந்தது. பள்ளத்தில் இருந்த அடுத்த தெருவில் அம்மாவின் தங்கை, என் சித்தி, குடியிருந்தார். மழை வந்தால் எங்கள் தெருவில் சேறாகும். சித்தி தெருவில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வரும். சித்தப்பா பட்டு நெசவு. தறி தரையோடு இருக்கும், கால் வைத்து மிதிக்கக் கீழே குழி. முதலில் தண்ணீர் இறங்குவது அந்தக் குழியில்தான். அதனால் ஐப்பசி வந்தால் அவர் தறியை நிறுத்திவிடுவார்.

இரண்டு தெருவுக்கும் பின்னால் குளம் வரைக்கும் ஒரு பழைய கால்வாய் தூர்ந்து கிடந்தது. அதை நாமே வெட்டிச் சரிசெய்வோம் என்று அப்பா கூட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை. பள்ளத்துத் தெருக்காரர்களுக்குத்தான் தேவை அதிகம், அதனால் அவர்களிடமிருந்துதான் ஆட்களும் அதிகம். சித்தப்பா தறியில் குனிந்து பழகிய முதுகோடு மண்வெட்டி பிடித்தார். சித்தி அத்தனை பேருக்கும் தக்காளி சாதம் கிளறிக் கொண்டுவந்தார்.

“எல்லாம் எல்லாருக்கும் தெரியணும்” என்று சொல்லி, இரண்டு தெருவுக்கும் சேர்த்து அப்பா ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். படம் எடுப்பது என் பொறுப்பு. வெட்டுவது, அள்ளுவது, டீ குடிப்பது என்று வாரத்துக்கு முப்பது நாற்பது படம் போட்டேன். நான் போடாத படம் ஒன்றே ஒன்று.

மூன்றாவது ஞாயிறு, முட்புதரை வெட்டிக்கொண்டே முன்னால் போன அப்பாவோடு நானும் போனேன். குளத்துக்குச் சற்று முன்னால், கால்வாயின் குறுக்கே புதிதாக ஒரு சுற்றுச்சுவர் நின்றது. முட்புதருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் பக்கத்து மனைக்காரர் எழுப்பியது. தண்ணீர் போக ஓட்டைகூட விடவில்லை. நான் வழக்கம்போலப் படம் எடுத்தேன்.

அப்பா போனை வாங்கிப் பார்த்தார். “இத்த இப்போ போடாத பாப்பா. பாத்தாங்கன்னா எல்லாரும் மண்வெட்டிய போட்டுட்டுப் போய்டுவாங்க. ஒரே வாரம், மனு குடுத்து ஒடச்சிடலாம். அப்புறமா சொல்லிக்கலாம்.”

அவர் பொய் சொல்லவில்லை. மறுநாளே மனு எழுதினார். அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடமும் சொன்னார். பள்ளத்துத் தெருவில் மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்களின் ரகசியம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது சித்தி கூப்பிட்டு முறுக்கு கொடுத்தார். உள்ளே தறியில் சித்தப்பா புதுப் பாவு ஏற்றிக்கொண்டிருந்தார். புடவைக்காக நீளவாக்கில் கட்டிய அரக்கு நிறப் பட்டிழைகள் கூடத்தை நிறைத்திருந்தன.

“கால்வா கொளம் வரைக்கும் போய்டுச்சா பாப்பா?” என்று கேட்டார் சித்தி. “அத நம்பிதான் உங்க சித்தப்பா இந்த மழைக்குத் தறி ஓட்டலாம்னு பாவு ஏத்திக்கினு இருக்காரு. பயமில்லதானே?”

வாயில் முறுக்கு இருந்தது. “போய்டுச்சு சித்தி” என்றேன்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள், ஒரு விடிகாலையில் பிடித்த மழை விடவே இல்லை. பள்ளிக்கு விடுமுறை. எங்கள் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. அத்தனையும் கால்வாயில் விழுந்து நுரைத்துக்கொண்டு ஓடியது. குடை பிடித்துக்கொண்டு எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. சற்று நேரத்தில், அவற்றுக்குக் கீழே, பள்ளத்துத் தெருவிலிருந்து ஒரு படம் வந்தது. சித்தி வீட்டு வாசல். வாசற்படி தெரியவில்லை.

அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னால் அம்மாவும் நானும். சுவரில் முட்டிய தண்ணீர் முழுவதும் பள்ளத்துத் தெருவுக்குள் திரும்பியிருந்தது. தறிக்குழி எது, தரை எது என்று தெரியவில்லை. பாவு பாதிக்கு மேல் நனைந்து சேறு ஏறியிருந்தது. சித்தப்பா முழங்கால் தண்ணீரில் நின்று, மிச்சத்தைக் கைகளில் ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தார், குழந்தையைப் பிடிப்பது மாதிரி.

“ஒரு வாரத்துல ஒடச்சிடுவாங்கன்னு நெனச்சேன்பா” என்றார் அப்பா. சுவர் என்ற ஒன்று இருப்பதே சித்தப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் கத்தவில்லை. “மழைக்கு நீங்க என்னண்ணா பண்ணுவீங்க? செவுரு இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாவு ஏத்தியிருக்க மாட்டேன். அவ்ளோதான்.”

சித்தி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார். பிறகு திரும்பித் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார். அம்மா அப்பாவோடு பேசப் பல நாள் ஆயிற்று.

மழை ஓய்ந்ததும் இரண்டு தெருவும் சேர்ந்து அலுவலகத்துக்குப் போக, அதிகாரிகள் சுவரை உடைத்து வழி விடச் சொன்னார்கள். கால்வாய் ஒருவழியாகக் குளத்தை எட்டியது. அப்பா, சொல்லாமல் விட்டது தன் தப்புதான் என்று குரூப்பில் எழுதினார். அதற்குப் பிறகு இரண்டு தெருவும் சேர்ந்து எந்த வேலையும் செய்ததில்லை. பள்ளத்துத் தெருக்காரர்கள் அவரவர் வாசற்படியை அவரவர் உயர்த்திக்கொண்டார்கள்.

சுவரை உடைத்த அன்று நான் விதவிதமாகப் படம் எடுத்து, மறக்காமல் குரூப்பில் போட்டேன். உடைந்த இடம், அதன் வழியே ஓடும் தண்ணீர், அப்பால் குளம், எல்லாம் தெளிவாக இருந்தன. சித்தியின் போனுக்கும் அவை போய்ச் சேர்ந்தன; பள்ளத்துத் தெரு வழியே திரும்பும்போது, அவர் வாசலில் நின்று பார்த்ததை நானே பார்த்தேன். பார்த்துவிட்டு, போனை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அத்தனை சேற்றிலும் தனியாகக் கால்வாய் ஓரமாகவே சுவர் வரைக்கும் நடந்து போனார். உடைத்த இடத்தில் குனிந்து, தண்ணீர் போகிறதா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான்தான் இத்தனை படம் போட்டிருக்கிறேனே, சித்தி எதற்கு இவ்வளவு தூரம் நடக்கிறார் என்று எனக்கு அன்று புரியவில்லை.